பார்த்து வரைந்தால் வருகிறது, சொந்தமாக வரைந்தால் வரவில்லை

தாம்வே கிறுக்கல்:

எல்லோருக்கும் வணக்கம். நான் யாங்கோனில் தாம்வே பக்கம். வினைல் பேனர் அடிக்கிற கடையில் டிசைன் வேலை. கல்யாணம், காதுகுத்து, தீமிதி, கடைத் திறப்பு, கண்ணீர் அஞ்சலி எல்லாம் எங்களிடம் வரும். பகல் முழுக்க ஃபோட்டோவில் பின்னணியை வெட்டுவது, அம்மனுக்குப் பின்னால் ஒளிவட்டம் வைப்பது, பர்மிய எழுத்தையும் தமிழ் எழுத்தையும் ஒரே பேனரில் அடக்குவது. வரைவது ராத்திரியில்தான், அதுவும் கரண்ட் இருந்தால்.

முதலில் ஃபோனில் ஐபிஸ் பெயின்ட் போட்டு விரலால் வரைந்தேன். அப்புறம் ஒரு பழைய பேனா டேப்லெட் கிடைத்தது. திரை இல்லாத வகை. கை மேஜையில் ஓடும், கண் லேப்டாப்பில் இருக்கும். அது பழகவே பல மாதம் பிடித்தது. லேப்டாப்பில் கிரிட்டா போட்டிருக்கிறேன். காசு கிடையாது, நெட் இல்லாமலும் ஓடும், நம் ஊருக்கு வேறென்ன வேண்டும்.

என் சந்தேகம் இதுதான். ஓவியர் இளையராஜாவின் படங்கள் என்றால் எனக்கு உயிர். கும்பகோணம் பக்கத்துக்காரர், 2021இல் கொரோனாவில் போய்விட்டாரே, அவர். கதவோரம் நிற்கிற பெண், ஒரு பக்கத்திலிருந்து விழுகிற வெளிச்சம், மறுபக்கம் இருட்டோடு கரைந்துபோகிற புடவை. அவர் படங்களை வைத்துத்தான் பழகுகிறேன். அசலை அடி லேயரில் (ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கிற கண்ணாடித் தாள் மாதிரியான அடுக்கு) வைத்து மங்கலாக்கி, மேலே கோடு எடுப்பேன். கலர் பிக்கரால் அங்கங்கே நிறத்தைத் தொட்டு எடுத்து நிரப்புவேன். கடைசியில் பிளெண்டிங் பிரஷ்ஷால் இழைத்துவிடுவேன். நன்றாகவே வருகிறது. கடைக்கு வருகிறவர்கள் "நீயா வரைந்தாய்?" என்று கேட்கிறார்கள்.

சொந்தமாக உட்கார்ந்தால் கதை வேறு. எங்கள் அத்தை காலையில் ஜன்னலோரம் உட்கார்ந்து கல்லில் தனக்கா அரைப்பார், முகத்தில் பூசுகிற மரப்பட்டைச் சாந்து. இளையராஜா படத்தில் வருகிற அதே மாதிரி வெளிச்சம். ஃபோட்டோ எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரைந்தேன். முகம் அகலமாகப் போகிறது, ஒவ்வொரு முறையும். தோலில் உயிரே இல்லை. தனக்கா பூசிய கன்னம் சுண்ணாம்பு அடித்த சுவராகத் தெரிகிறது. வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்றே கேட்கலாம், அப்படி இருக்கிறது.

ஒரு குழுவில் இதைக் கேட்டதற்கு "அடுத்தவன் படத்தைப் பார்த்து வரைவதே திருட்டு, அதனால்தான் கை வரவில்லை" என்று ஒருவர் எழுதிவிட்டுப் போய்விட்டார். உண்மையா? பார்த்து வரைவதை விட்டுவிடவா? இல்லை, அதிலேயே நான் செய்யாமல் விட்டது ஏதாவது இருக்கிறதா? யாருடைய படத்தைப் பார்க்கலாம் என்றும் சொல்லுங்கள்.

பகோ ரயில்:

திருட்டு என்றெல்லாம் சொல்ல மாட்டேன். ஆனால் விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வேன்.

காரணம் எளிது. இளையராஜா ஒரு பெண்ணைப் பார்த்தார், அந்தப் பார்வையிலிருந்து படம் வந்தது. நீங்கள் படத்தைப் பார்க்கிறீர்கள். எதை விடுவது, எதை வைப்பது என்று அவர் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார். உங்களுக்கு முடிவு செய்ய ஒன்றும் பாக்கியில்லை. அத்தையின் முன்னால் உட்கார்ந்தால் எல்லா முடிவையும் நீங்களே எடுக்க வேண்டும், அங்கேதான் கை நின்றுவிடுகிறது.

டேப்லெட்டை மூடிவிட்டு ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு லப்பெயே கடைக்கு, அதாவது டீக்கடைக்குப் போங்கள். குட்டி ஸ்டூலில் உட்கார்ந்து ஃபோனைக் குனிந்து பார்க்கிறவர்களைவிட நல்ல மாடல் உலகத்தில் கிடையாது. கால் மணி நேரம் அசைய மாட்டார்கள். நான் ரயிலில் தினமும் வருகிறவன், தூங்குகிறவர்களை வரைந்தே ஓரளவுக்குக் கை வந்தது. எழுந்து கோபித்துக்கொண்டவர்களும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மோல்மீன் போர்டுக்காரர்:

தாம்வேம்மா, நான் மோல்மீனில் கடை போர்டும் சினிமா போர்டும் எழுதிப் பிழைத்தவன். உங்கள் வினைல் வந்துதான் என் தொழில் போனது. கோபமில்லை, சொல்லிவைத்தேன். இப்போது மகனின் டேப்லெட்டில்தான் வரைகிறேன். எனாமல் நாற்றம் இல்லாமல் வரைவதும் ஒரு சுகம்தான்.

பகோ தம்பி சொன்னதில் பாதி சரி. ஆனால் பார்த்து வரைவதை விடச் சொல்வதை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. ரூபன்ஸ் என்ற ஓவியர் 1628இல் மாட்ரிட் போனபோது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஐரோப்பா முழுக்கப் பெயர். அங்கே உட்கார்ந்து திஷியன் என்ற பழைய ஓவியரின் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து வரைந்தார். வான்கா ஓவியத்துக்கு வந்த புதிதில் சார்ல் பார்க் போட்ட பயிற்சித் தாள்களைப் பார்த்து வரைந்தார். சாகிற வருஷம் 1890இல் அதே தாள்களை மறுபடி எடுத்துப் போட்டார். சீனாவில் ஆறாம் நூற்றாண்டிலேயே ஷியே ஹ என்பவர் ஓவியத்துக்கு ஆறு விதி எழுதியபோது, முன்னோர் படத்தைப் படியெடுப்பதை ஆறாவது விதியாக வைத்தார். இவர்கள் எல்லோருக்கும் கை கெட்டா போனது?

நம் பக்கத்திலேயே ரவிவர்மா இருக்கிறார். திருவனந்தபுரம் அரண்மனையில் மதுரை ராமசாமி நாயக்கர் எண்ணெய் வண்ணத்தில் பெரிய ஆள். பையனுக்குச் சொல்லிக்கொடுக்க மறுத்துவிட்டார். அவரிடம் வேலை பார்த்த ஆறுமுகம் பிள்ளைதான் ரகசியமாகக் கொஞ்சம் காட்டிக்கொடுத்தார். அப்புறம் தியோடர் ஜென்சன் என்ற வெள்ளைக்கார ஓவியர் வந்தார். அவரும் சொல்லித்தரவில்லை, வரையும்போது நின்று பார்க்க மட்டும் விட்டார். இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்தப் பார்வை. ஜென்சன் எதை முதலில் வைத்தார், எதைக் கடைசிவரை தொடாமல் வைத்திருந்தார், எந்த இடத்தில் பிரஷ்ஷை மாற்றினார் என்று அந்தப் பையன் பார்த்திருக்கிறான். முடிந்த படத்தில் இந்த வரிசை தெரியாது. மேலே பூசினது கீழே இருப்பதை மறைத்துவிடும்.

நீங்கள் செய்வதில் குறை அங்கேதான். கோடு அடி லேயரிலிருந்து வருகிறது, நிறம் பிக்கரிலிருந்து வருகிறது, மிச்சம் இழைப்புதான். எந்த இடத்திலும் நீங்கள் யோசிக்கவே வேண்டியதில்லை. போர்டு தொழிலில் நாங்களும் கட்டம் போட்டுத்தான் வரைவோம். கையளவு ஃபோட்டோவை இருபது அடிக்குப் பெரிதாக்கும்போது ஹீரோவின் மூக்கு கோணிவிட்டால் தியேட்டர்காரர் காசு தர மாட்டார், அதனால் கட்டம். அது தொழிலைக் காப்பாற்றும், கண்ணைப் பழக்காது. கட்டம் போட்டே வாழ்க்கையை ஓட்டியவர்களை எனக்குத் தெரியும். கட்டம் இல்லாமல் ஒரு காது வரையத் தெரியாது.

சரி, எப்படிப் பார்ப்பது. நான் பழக்குகிற விதம் இது. வேறு வழியும் இருக்கலாம்.

ஒரு படத்தை எடுத்தால் அதனிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்க வேண்டும். முதல் கேள்வி வெளிச்சமும் இருட்டும். நிறத்தை மறந்துவிடுங்கள். திரையில் உள்ளங்கை அளவுக்கு ஒரு சின்னக் கட்டம், மூன்றே சாம்பல் நிறம், வட்டமான ஒரே கடின பிரஷ், ஒபாசிட்டி நூறு, அதாவது கீழே இருப்பது தெரியாத முழு அடர்த்தி. அடி லேயர் கிடையாது. அசல் பக்கத்தில் இருக்கட்டும், கிரிட்டாவில் ரெஃபரன்ஸ் படம் வைக்க ஒரு கருவி இருக்கிறது. இளையராஜாவின் அந்தக் கதவோரப் பெண்ணை மூன்று சாம்பலில் போட்டுப் பாருங்கள். முகத்தின் நிழல்பக்கமும் பின்சுவரும் ஒரே சாம்பலுக்குள் போய்விடும், நடுவில் எல்லையே இருக்காது. இதைத்தான் நீங்கள் "கரைந்துபோகிறது" என்கிறீர்கள். அவர் தைரியமாக அதைக் கரையவிட்டார். நீங்கள் அத்தையை வரையும்போது முகத்தைச் சுற்றி முழுக்கக் கோடு போட்டிருப்பீர்கள், பந்தயம் கட்டுகிறேன்.

முடித்த பிறகு சரிபார்ப்பது இப்படி. அசலை ஒரு கோப்பில் திறந்து, எல்லாவற்றுக்கும் மேலே முழுக் கறுப்பில் ஒரு லேயர் நிரப்பி, அதன் பிளெண்டிங் மோடை, அதாவது கீழ் லேயரோடு கலக்கிற விதத்தை, 'கலர்' என்று மாற்றுங்கள். படம் கறுப்பு வெள்ளையாகும். ஐபிஸ் பெயின்ட்டிலும் இது நடக்கும். உங்கள் மூன்று சாம்பலை அதோடு ஒப்பிடுங்கள். சாச்சுரேஷனை, அதாவது நிறத்தின் செறிவை, மட்டும் பூஜ்யத்துக்கு இழுத்து ஏமாறாதீர்கள். சில மென்பொருளில் அப்படிச் செய்தால் சுத்த மஞ்சளும் சுத்த நீலமும் ஒரே சாம்பலாக வந்து நிற்கும். நம் கண்ணுக்கு மஞ்சள் கிட்டத்தட்ட வெள்ளை அளவுக்கு வெளிச்சம், நீலம் கிட்டத்தட்டக் கறுப்பு. தனக்கா மஞ்சள் விஷயத்தில் இது உங்களுக்கு ரொம்ப முக்கியம்.

அடுத்த கேள்வி நிறம், வேறொரு நாள். இங்கே பிக்கரைத் தொடுவதற்கு ஒரு கட்டுப்பாடு. முதலில் கண்ணால் பார்த்து, நிறச்சக்கரத்தில் நீங்களே தேடி ஒரு நிறம் வையுங்கள். வைத்த பிறகு அசலைப் பிக்கரால் தொட்டுப் பாருங்கள். எவ்வளவு தூரம் தள்ளிப் போயிருக்கிறீர்கள், எந்தப் பக்கம் தள்ளிப் போயிருக்கிறீர்கள் என்பதுதான் பாடம். கழுத்து நிழல் பச்சை கலந்த மாதிரி தெரியும். தொட்டுப் பார்த்தால் மங்கிய செம்பழுப்பாக இருக்கும். பக்கத்து நிறம் கண்ணை அப்படி இழுக்கிறது. பிரான்ஸில் கோப்லன் கம்பளப் பட்டறையில் கறுப்புச் சாயம் வெளிறிப்போகிறது என்று புகார் வந்தபோது, சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்த செவ்ரல் ஆராய்ந்து பார்த்தார். சாயத்தில் கோளாறு இல்லை, அதையொட்டி நெய்திருந்த நீலத்தால் கறுப்பு அப்படித் தெரிந்தது. 1839இல் அதை ஒரு பெரிய புத்தகமாகவே எழுதிவிட்டார். நிறத்தைத் தனியாகத் தொட்டு எடுத்து வந்து வேறொரு படத்தில் வைத்தால் அது அதே நிறமாக இருக்காது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். இளையராஜாவிடமிருந்து எடுத்த தோல் நிறம் அத்தையின் முகத்தில் ஏன் செத்துப்போகிறது என்று இப்போது புரிகிறதா?

மூன்றாவது, ஓரங்கள். எது கத்தியாக வெட்டியிருக்கிறது, எது மெதுவாக மாறுகிறது, எது காணாமலே போகிறது. இதற்கு வரையக்கூட வேண்டாம். அசலின் மேல் ஒரு லேயர் வைத்து, கூரான ஓரங்களை மட்டும் சிவப்பில் தொட்டுவாருங்கள். எவ்வளவு குறைச்சல் என்று பார்த்து ஆச்சரியப்படுவீர்கள். பிளெண்டிங் பிரஷ்ஷை இப்போதைக்குப் பூட்டிவையுங்கள். அது எல்லா ஓரத்தையும் ஒரே மாதிரி ஆக்கிவிடும்.

இதெல்லாம் முடிந்த பிறகு செய்ய வேண்டியதைத்தான் யாரும் செய்ய மாட்டார்கள். அசலை மூடுங்கள். நீங்கள் செய்த படியையும் மூடுங்கள். வெறும் கான்வாஸில் அதையே நினைவிலிருந்து வரையுங்கள். அசிங்கமாக வரும், வரட்டும். திறந்து ஒப்பிடும்போது எது மனதில் தங்கியது, எது தங்கவில்லை என்று தெரிந்துபோகும். தங்கியது உங்களுடையது. அதே இரவில் அத்தை ஃபோட்டோவை எடுத்து, அந்த ஒரே கேள்வியை அதனிடமும் கேளுங்கள். மூன்று சாம்பல் என்றால் அங்கேயும் மூன்று சாம்பல்.

யாரைப் பார்ப்பது என்று கேட்டீர்கள். இளையராஜாவை விட வேண்டாம், ஆனால் அவர் மேல்பரப்பை வழுவழுவென்று முடிக்கிறவர், பிரஷ் போன பாதை அதிகம் தெரியாது. பாதை தெரிகிற ஒருவரையும் கூட வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அமெரிக்க ஓவியர் சார்ஜென்ட். ஒரு கையை நாலைந்து இழுப்பில் முடித்துவிடுவார். அந்த மனிதரே 1879இல் பிராடோ மியூசியத்தில் உட்கார்ந்து வெலாஸ்கெஸைப் படியெடுத்தவர். அடுத்த வருஷம் ஹார்லம் போய் ஃபிரான்ஸ் ஹால்ஸையும். நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியம் 2017இலிருந்து, உரிமைக்காலம் முடிந்த தன் படங்களைப் பெரிய அளவில் இலவசமாக இறக்கிக்கொள்ள விட்டிருக்கிறது. சார்ஜென்ட் அங்கே நிறைய. ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் மியூசியமும் அப்படித்தான். ஒரு நல்ல இரவில் நாலைந்து படத்தை இறக்கிவைத்தால் வருஷம் முழுக்க நெட் வேண்டாம்.

யாங்கோனில் இருக்கிறீர்கள், பியே ரோடு தேசிய மியூசியத்துக்கும் ஒரு நடை போங்கள். லண்டன் போய் எண்ணெய் வண்ணம் கற்றுவந்து இங்கே ஒரு தலைமுறையையே மாற்றிய ஊ பா ஞான் (1897–1945) நம் ஊர்க்காரர். நம் வெயிலை அவர் எப்படிப் பிடித்தார் என்பதைப் பார்க்க வேண்டும். வெள்ளைக்காரர்கள் வரைந்த ஜன்னல் வெளிச்சம் நீலம். நம் ஜன்னல் வெளிச்சம் அப்படி இல்லை.

நைட் ஷிஃப்ட்:

ஐயா எழுதியதற்கு மேல் ஓவியத்தைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் தாம்வே அக்கா எழுதியதில் ஒரு வரி உறுத்துகிறது. "முகம் அகலமாகப் போகிறது, ஒவ்வொரு முறையும்." ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் தப்பினால் அது கண்ணோ கையோ இல்லை, கருவி.

உங்கள் டேப்லெட் எந்த விகிதம், லேப்டாப் திரை எந்த விகிதம்? பல பழைய டேப்லெட்கள் 16க்கு 10. லேப்டாப் திரை 16க்கு 9. டேப்லெட் முழுவதையும் திரை முழுவதோடு பொருத்தி வைத்திருந்தால் நீங்கள் இழுக்கிற எல்லாமே அகலவாக்கில் பத்தில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமாக நீளும். அடி லேயர் வைத்து வரையும்போது கண் பார்த்துக் கோட்டோடு ஒட்டவைத்துவிடுவதால் தெரியாது. வெறும் கான்வாஸில் கையை நம்பி வரைந்தால் முகம் விரியும்.

சோதனை: ஒரு டப்பா மூடியை டேப்லெட் மேல் கவிழ்த்து, பேனாவை அதைச் சுற்றி ஓட்டுங்கள். திரையில் வட்டம் வந்தால் நான் சொன்னதை மறந்துவிடுங்கள். முட்டை வந்தால் டேப்லெட் டிரைவரின் செட்டிங்கில் விகிதத்தைப் பூட்டுகிற ஒரு டிக் பெட்டி இருக்கும், அதைப் போடுங்கள். டேப்லெட்டில் கொஞ்சம் இடம் வேலை செய்யாமல் போகும், போகட்டும்.

இன்னொன்று, கிரிட்டாவில் எம் விசையைத் தட்டினால் படம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பும். அடிக்கடி தட்டுங்கள். ஐபிஸ் பெயின்ட்டில் வரைந்தவர்களின் வீடியோக்களையும் பாருங்கள். அந்த ஆப் வரைகிற முறையைத் தானே பதிவு செய்துவைக்கும், நிறையப் பேர் அதை வெளியிடுகிறார்கள். ஐயா சொன்ன வரிசை அதில் பச்சையாகத் தெரியும். நிறுத்தி நிறுத்திப் பார்த்தால்தான் பிரயோஜனம். வேகமாக ஓடவிட்டுப் பார்த்தால் பொழுதுபோக்கு.

தாம்வே கிறுக்கல்:

பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும், கடையில் ஆடி மாத பேனர் கூட்டம்.

நைட் ஷிஃப்ட் தம்பி, முட்டையேதான்! தனக்கா கிரீம் டப்பா மூடியை வைத்துச் சுற்றினேன், கோழி முட்டை வந்தது. டிக் போட்டேன். இத்தனை நாள் நான் மூக்கைக் குறுக்கிக் குறுக்கி வரைந்துகொண்டிருந்ததற்குக் காரணம் இதுதானா என்று சிரிப்பாக வந்தது. இப்போது பழகிய கை தானாகக் குறுக்குகிறது, முகம் நீளமாக வருகிறது. அது சரியாகும் என்று நினைக்கிறேன்.

போர்டு ஐயா, பந்தயத்தில் நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். அத்தை முகத்தைச் சுற்றி முழுக் கோடு இருந்தது. மூன்று சாம்பலில் இளையராஜா படம் ஒன்று, சார்ஜென்ட் ஒன்று போட்டேன். முதலில் எரிச்சலாக இருந்தது. நன்றாக இழைத்துப் பழகிய கைக்கு இது சின்னப்பிள்ளை வேலையாகத் தெரிகிறது. ஆனால் அத்தை ஃபோட்டோவில் அதே மூன்று சாம்பலைத் தேடியபோது ஒன்று தெரிந்தது. தனக்கா பூசிய கன்னம் வெளிச்சப் பக்கத்தில் மட்டும்தான் வெளிர். நிழல் பக்கத்துக் கன்னத்தில் அதே தனக்கா நடுச்சாம்பலுக்கும் கீழே போய்விடுகிறது. நான் இரண்டு பக்கமும் ஒரே வெளிர் மஞ்சளை அப்பியிருந்தேன். தனக்கா என்றால் வெளிர் மஞ்சள் என்று மனதில் இருப்பதை வரைந்திருக்கிறேன்.

நினைவிலிருந்து வரைந்ததைப் போடவே வெட்கமாக இருக்கிறது. கதவு நினைவில் இருக்கிறது, பெண்ணின் இடது கை எங்கே இருந்தது என்றே தெரியவில்லை. அத்தனை மணி நேரம் இழைத்த படம்!

மியூசியத்துக்கு இன்னும் போகவில்லை. லீவு கிடைத்தால் போவேன்.

அந்தத் 'திருட்டு' விஷயம் மட்டும் பாக்கி. நான் முன்பு செய்த இளையராஜா படிகளில் ஒன்றைப் பிரிண்ட் போட்டு வரவேற்பறையில் மாட்ட ஒரு வாடிக்கையாளர் கேட்கிறார், காசு தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?

29ஆம் தெரு அச்சு:

கொடுக்காதீர்கள்.

நான் அச்சகத்தில் இருப்பதால் இந்தக் கேள்வி அடிக்கடி வரும். நம் நாட்டில் 2019இல் வந்த பதிப்புரிமைச் சட்டப்படி ஓவியருக்கு ஆயுள் முழுக்கவும், இறந்தபின் 50 வருஷமும் உரிமை உண்டு. இந்தியாவில் இறந்தபின் 60 வருஷம். இளையராஜா 2021இல்தான் போனார், அவர் குடும்பத்துக்கு உரிமை இருக்கிறது. நீங்கள் ஒவ்வொரு இழையையும் உங்கள் கையால் போட்டிருந்தாலும் படம் அவருடையது. சட்டத்தை விடுங்கள், அவர் பிள்ளைகள் அந்த வரவேற்பறைக்குள் வந்தால் என்ன நினைப்பார்கள் என்று யோசித்தாலே போதும்.

வீட்டில் பழகுவதை யாரும் கேட்கப்போவதில்லை. வெளியே போடுவதானால் இன்னாருடைய ஓவியத்தைப் பார்த்துப் பழகியது என்று படத்தின் பக்கத்திலேயே எழுதுங்கள். கீழே, நாலு வரி தள்ளி, பொடி எழுத்தில் வேண்டாம். அசலில் இருக்கும் கையெழுத்தையும் சேர்த்துப் படியெடுக்கிறார்கள் சிலர், அது கண்டிப்பாகக் கூடாது. உயிரோடு இருக்கிற ஓவியராக இருந்தால் ஒரு வரி எழுதிக் கேட்டுவிடுங்கள், பெரும்பாலும் சந்தோஷப்படுவார்கள். பாரிஸ் லூவர் மியூசியத்தில் இன்றைக்கும் அனுமதி வாங்கி அசல் முன்னால் உட்கார்ந்து படியெடுக்கலாம். ஆனால் அசல் அளவிலேயே வரைய விட மாட்டார்கள், சின்னதாகவோ பெரிதாகவோ மாற்றியாக வேண்டும். யாரும் அதை அசல் என்று விற்றுவிடக் கூடாதே.

வாடிக்கையாளருக்கு ஏதாவது கொடுத்தே ஆக வேண்டும் என்றால் ரவிவர்மா இருக்கிறார். 1906இல் இறந்தவர், உரிமைக்காலம் எப்போதோ முடிந்துவிட்டது. இல்லாவிட்டால் அத்தையைக் கொடுங்கள்.

பகோ ரயில்:

அத்தையைக் கொடுங்கள் என்பதை வழிமொழிகிறேன்.

தனக்கா நிழலில் இருண்டுபோவதை நீங்கள் அத்தையைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தீர்கள் என்பதைக் குறித்துக்கொள்ளவும். ஒரு பாயின்ட் எனக்கு. லப்பெயே கடை இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

மோல்மீன் போர்டுக்காரர்:

தம்பி, பாயின்ட் உனக்கே. ஆனால் மூன்று சாம்பலைத் தேடுகிற கண்ணோடு அத்தையைப் பார்த்ததால்தான் தெரிந்தது. அதற்கு முன்னாலும் அத்தை தினமும் அதே ஜன்னலில்தானே உட்கார்ந்திருந்தார்?

தாம்வேம்மா, இடது கை நினைவில் இல்லை என்றீர்களே, அது நல்ல செய்தி. அடுத்த படி எது என்று அதுவே சொல்லிவிட்டது. கைகளை மட்டும் எடுங்கள். முழுப்படம் வேண்டாம். சார்ஜென்ட் வரைந்த நீர்வண்ண உருவங்களில் கைகளை மட்டும் வெட்டி எடுத்து, ஒரே கடின பிரஷ்ஷில், ஒரு கைக்கு இத்தனை இழுப்புதான் என்று உங்களுக்கே ஒரு கணக்கு வைத்துப் போடுங்கள். பத்து இழுப்பில் தொடங்குங்கள். இழுப்பு குறையக் குறைய எந்த இழுப்பு வேண்டாம் என்று கை தானே கேட்கும். அன்டூ போட்டு அழித்தால் அதுவும் ஒரு இழுப்பு. இதில் ஏமாற்றினால் எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும்.

அப்புறம் அத்தையின் கை. தனக்கா கட்டையைப் பிடித்துக் கல்லில் சுற்றுகிற கை அது. விரல் மடங்கி இருக்கும், மணிக்கட்டில் நரம்பு எழும்பி இருக்கும், ஈரம் இருக்கும். ஈரமான இடத்தில் மட்டும் ஒரு கூரான வெள்ளை. மிச்சம் எல்லாம் மெதுவான ஓரம். ஃபோட்டோ போதாது. காலையில் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், பகோ தம்பியும் மகிழ்ச்சியடைவார்.

முகம் நீளமாவதைப் பற்றிக் கவலை வேண்டாம், போர்டு அளவு மாறும்போது எங்களுக்கும் ஒரு வாரம் அப்படித்தான் இருக்கும்.

கைகள் முடிந்ததும் இங்கே போடுங்கள். ஜேபெக்காக மாற்றிப் போட வேண்டாம், கிரிட்டா கோப்பாகவே அனுப்புங்கள். எந்த லேயரில் எதை வைத்தீர்கள் என்று எனக்குப் பார்க்க வேண்டும்.